சாம்பல் நிறக் கோட்டு

பேர்ண், சுவிஸ்
2 மார்ச் 2024

அன்புள்ள நகுலேஸ்வரி அன்ரிக்கு,

லண்டன் குளிர் உங்களை அதிகம் வருத்தவில்லை என்று நம்பி இதை எழுதுகிறேன். என் பெயர் கௌசி. தை மாதம் தோர்ண்டன் ஹீத்தில் மாரடைப்பில் காலமான இராஜேந்திரனின் ஒரே மகள்.

இணையத்தில் அப்பாவின் மரண அறிவித்தலுக்குக் கீழே நீங்கள் எழுதிய குறிப்பை வாசித்தேன். "காலமையில் கோட்டும் ரையுமாய் நோர்பரி ஸ்ரேசன் வாசலில் நிற்பார். தெரிந்தவர், தெரியாதவர் எல்லாருக்கும் தலையை ஆட்டிவிட்டுத்தான் ரெயின் ஏறுவார். இனி அந்த வாசல் வெறுமை." மற்ற எல்லாரும் 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று எழுதி ஒரு பூப்படத்தைப் போட்டுவிட்டுப் போனார்கள். செத்தவீட்டுக்கு வந்தவர்களும் 'நல்ல மனிசன்' என்றார்கள், அதற்கு மேல் ஒரு கதையும் சொல்லவில்லை. அப்பாவைத் திரும்ப நடக்க விட்டது நீங்கள் ஒருவர்தான்.

முப்பத்தோராம் நாளுக்கு அப்பாவின் நினைவாக அடித்துக் கொடுத்த கல்வெட்டுப் புத்தகத்தை இதோடு அனுப்புகிறேன். கடைசிப் பக்கத்தில் உங்கள் குறிப்பும் இருக்கிறது. கேட்டவுடன் விலாசம் தந்ததற்கு நன்றி.

எனக்குப் பன்னிரண்டு வயதில் அப்பாவும் அம்மாவும் பிரிந்தார்கள். அப்பா லண்டன் போய்விட்டார். மாதம் ஒரு கடிதம் நான் எழுதவேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். "போனில கதைச்சால் காத்தோட போயிடும், எழுது" என்பார். இப்போதும் மாதம் பிறந்தால் கை பேப்பரைத் தேடுகிறது. நேரம் இருந்தால் அவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதுவீர்களா? வட்ஸ்அப்பில் வேண்டாம் அன்ரி, தபாலில்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கௌசி


நோர்பரி, லண்டன்
9 மார்ச் 2024
(எழுதி, அனுப்பாமல் மேசை லாச்சிக்குள் வைத்தது)

அன்புள்ள பிள்ளை கௌசிக்கு,

நான் சுகம். நீரும் சுகமாக இருக்கவேண்டும். உமது அப்பாவை நான் ஒரு நாளும் கண்டதில்லை.

இந்த ஒரு வசனத்தை எழுதத்தான் காலமையிலிருந்து மேசையடியில் இருக்கிறேன். எனக்கு வயது அறுபத்தொன்று. பள்ளிக்கூடச் சமையலறையில் அரை நாள் வேலை. மகன் ஆரணன் மெல்பேர்னில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்து "அம்மா, சாப்பிட்டீங்களோ?" என்பான். "ஓம்" என்பேன். அவ்வளவோடு கதை முடிந்துவிடும். மற்றப் பெண்கள் பின்னேரத்தில் நாடகம் பார்க்கிறார்கள், நான் மரண அறிவித்தல் பார்க்கிறேன்.

என் மனுசன் நித்தியானந்தன் போனபோது, முன்பின் தெரியாத ஒரு பெண் கனடாவிலிருந்து அவருடைய அறிவித்தலுக்குக் கீழே நாலு வரி எழுதியிருந்தாள். படுக்கும்போதும் எழும்பும்போதும் அதைத்தான் வாசிப்பேன். பிறகு நானும் ஆரோ ஒருவருக்கு அப்படி எழுதிப் பார்த்தேன். "நன்றி அன்ரி, வாசிச்சிட்டு எல்லாரும் அழுதனாங்கள்" என்று பிள்ளைகள் பதில் போட்டார்கள். சிவப்பு இதயங்கள் வந்தன. ஐயோ பிள்ளை, அந்த இதயங்கள் ஒவ்வொன்றாய் வரும்போது வீட்டுக்குள் ஆட்கள் வருவதுபோல இருக்கும். எழும்பிப் போய்த் தேத்தண்ணி வைக்கவேண்டும் போல இருக்கும். அதற்குப் பிறகு நிற்பாட்ட முடியவில்லை. படத்தைப் பார்ப்பேன், இடத்தைப் பார்ப்பேன், மிச்சத்தை நானே கட்டுவேன்.

உமது அப்பாவின் படத்தில் கோட்டும் ரையும் இருந்தன. கோட்டுப் போட்ட மனிசன் ரெயினில்தானே வேலைக்குப் போயிருப்பார் என்று எழுதிவிட்டேன். நோர்பரி ஸ்ரேசன் அவருடையது அல்ல, என்னுடைய ஸ்ரேசன். அதை நீர் கல்வெட்டில் அச்சடித்துவிட்டீர். இனி உண்மையைச் சொன்னால் அடுத்த கடிதம் வராது. வாசல் கதவுக்குள்ளால் என் பெயருக்கு ஒரு கடிதம் விழுந்து எத்தனை காலம் என்று


நோர்பரி, லண்டன்
14 மார்ச் 2024

அன்புள்ள பிள்ளை கௌசிக்கு,

நான் நல்ல சுகம். அங்கே நீர் சுகமாக இருக்க அம்பாளை வேண்டுகிறேன். கல்வெட்டு கிடைத்தது. என் பெயரை அச்சில் பார்த்ததும் ஒருக்கால் கண் கலங்கிவிட்டது.

அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தீர். அதிகம் கதைத்துப் பழகியதில்லை பிள்ளை. கண்ட இடத்தில் தலையாட்டுவதுதான். ஒரு நாள் காலமை நல்ல மழை. நான் குடை இல்லாமல் ஸ்ரேசன் ஓரத்தில் ஒதுங்கி நின்றேன். அவர் தன் குடையை என் பக்கம் நீட்டி, "பிடியுங்கோ, நான் உள்ளுக்கைதானே போறன்" என்றார். பின்னேரம் திருப்பிக் கொடுக்கக் காத்து நின்றேன். அவர் வரவில்லை. அடுத்த நாள்தான் கொடுத்தேன். அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

நீர் என்ன வேலை செய்கிறீர்? நேரத்துக்குச் சாப்பிடுகிறீரோ? சுவிஸ் பனியில் சளி பிடிக்காமல் பாரும். நேரம் கிடைக்கும்போது எழுதும்.

அன்புள்ள,
நகுலேஸ்வரி அன்ரி


பேர்ண்
6 ஏப்ரல் 2024

அன்புள்ள அன்ரிக்கு,

உங்கள் கடிதம் கண்டேன், சுகம் அறிந்து சந்தோசம். இங்கே பனி கரைந்து ஆறு பச்சையாய் ஓடுகிறது.

நான் ட்ராம் ஓட்டுகிறேன். எனக்குப் பின்னால் பெட்டி நிறையச் சனம் இருக்கும். ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது. கண்ணாடியில் தலைகள் ஆடுவது மட்டும் தெரியும். ஒருவரும் எனக்கு வணக்கம் சொல்வதில்லை, இறங்கும்போது கதவைத்தான் பார்ப்பார்கள். எனக்கு அது பழகிவிட்டது. ஆனால் உங்கள் குடைக் கதையை வாசித்த அடுத்த நாள் பனிமூட்டத்துக்குள் ஓட்டிக்கொண்டு போகையில், தரிப்பிடத்தில் குடையோடு நின்ற ஒவ்வொரு ஆணையும் உற்றுப் பார்த்தேன். ட்ராம் பிந்திவிட்டது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஏச்சு வாங்கினேன்.

அன்ரி, அந்தக் கோட்டு என்ன நிறம்? வேறு என்ன செய்வார்? பேப்பர் வாசிப்பாரா? சின்ன விசயமென்றாலும் எழுதுங்கள்.

முழங்கால் நோவு, சளி ஏதும் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
கௌசி


நோர்பரி
11 மே 2024

அன்பு மகள் கௌசிக்கு,

நான் சுகம். முழங்கால் நோவு இருக்கிறதுதான், அதை எப்படிக் கண்டுபிடித்தீர்? நீர் ஏச்சு வாங்கியதை நினைத்துச் சிரித்தேன். ட்ராம் ஓட்டுகிற பிள்ளையை மயக்கிவிட்டேன் என்று என்னைப் பிடித்து அடைக்கப் போகிறார்கள்.

கோட்டு சாம்பல் நிறம். மழை நாளில் கொஞ்சம் கருமையாய்த் தெரியும். பேப்பரைக் கமக்கட்டுக்குள் மடித்து வைத்திருப்பார், வாசித்துக் கண்டதில்லை. ரெயின் வருகிற நேரம் ஒருக்கால் வானத்தைப் பார்ப்பார். ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி இருக்கும். ஆருக்கும் அவசரமென்றால் வழி விடுவார்.

ஒன்று சொல்லவேண்டும் பிள்ளை. இப்போதெல்லாம் வேலைக்குப் போகும்போது நான் அந்த வாசலைப் பார்க்காமல் போவதில்லை. போன கிழமை பனிப்புகார் மூடிக் கிடந்தது. அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு ஆள் நின்றது. நான் என்னை மறந்து தலையாட்டிவிட்டேன். கிட்டப் போனால் பேப்பர் அடுக்கி வைக்கிற பெட்டி. எனக்கு என்ன நடக்கிறதோ தெரியாது.

முந்தி வேலையால் வந்ததும் போனைத்தான் எடுப்பேன். இப்போது முதலில் கதவடியில் கடிதம் கிடக்கிறதோ என்று பார்க்கிறேன். வேளைக்கு எழுதும். சாப்பாட்டைக் குறைக்காதேயும்.

அன்புள்ள,
அன்ரி


பேர்ண்
8 ஜூன் 2024

அன்புள்ள அன்ரிக்கு,

நலம். உங்கள் முழங்காலுக்கு இங்கேயிருந்து ஒரு தைலம் வைத்து அனுப்புகிறேன், இரவில் பூசுங்கள்.

ஓகஸ்ட் மாதம் எனக்கு இரண்டு கிழமை லீவு. லண்டன் வரப் பார்க்கிறேன். அப்பா நின்ற இடத்தில் நீங்கள் என்னை நிறுத்திக் காட்டுவீர்களா? பிறகு எங்கேயாவது இருந்து தேத்தண்ணி குடிப்போம். உங்களுக்கு வசதியான நாளை எழுதுங்கள்.

அன்புடன்,
கௌசி


நோர்பரி
13 ஜூலை 2024

அன்புள்ள கௌசிக்கு,

தைலம் கிடைத்தது. சுகம். நீரும் அப்படியே என்று நம்புகிறேன்.

ஓகஸ்டில் நான் லண்டனில் நிற்கமாட்டேன் பிள்ளை. மகனிடம் மெல்பேர்ன் போகிறேன். அவன் ரிக்கெற் எல்லாம் போட்டுவிட்டான். குறை நினைக்கவேண்டாம். வேறு எழுத நேரமில்லை.

நகுலேஸ்வரி


பேர்ண்
3 ஓகஸ்ட் 2024

அன்புள்ள அன்ரிக்கு,

பயணம் சுகமாக அமையட்டும். நீங்கள் திரும்பி வரும்போது கதவடியில் ஏதாவது கிடக்கட்டும் என்று இதை அனுப்புகிறேன்.

நான் லண்டன் வரவில்லை. லீவைத் தள்ளிவிட்டேன். நான் வருவது உங்களுக்குக் கரைச்சல் என்றால் வரவே மாட்டேன் அன்ரி. கடிதத்தை மட்டும் நிற்பாட்டிவிடாதீர்கள். அப்பாவைப் பற்றி எழுத ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. என்ன சமைத்தீர்கள் என்று எழுதினாலும் போதும்.

அன்புடன்,
கௌசி


நோர்பரி
5 ஒக்ரோபர் 2024

அன்புள்ள பிள்ளை கௌசிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. இவ்வளவு நாளும் எழுதாமல் இருந்தது வெட்கத்தில்தான். நீர் சுகமோ என்று கேட்கக்கூட வாய் கூசுகிறது.

நான் மெல்பேர்ன் போகவில்லை. ரிக்கெற்றும் இல்லை, ஒன்றும் இல்லை. பள்ளிக்கூட லீவு முழுவதும் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். உமது அப்பாவை நான் ஒரு நாளும் காணவில்லை கௌசி. குடையும் பொய், பேப்பரும் பொய். பின்னேரங்களில் முன்பின் தெரியாதவர்களின் மரண அறிவித்தலுக்குக் கீழே கதை கட்டி எழுதுவது என் பழக்கமாகிவிட்டது. அதற்குச் சனம் போடுகிற இதயங்களுக்காக எழுதினேன். ஆராவது என்னை நினைக்கவேண்டும் என்று எழுதினேன். மார்ச் மாதமே இதையெல்லாம் உமக்கு எழுதினேன். லாச்சிக்குள் கிடக்கிறது, இதோடு வைக்கிறேன்.

ஓகஸ்டில் இல்ஃபோர்ட் வாத்தியார் ஒருவருக்கும் அப்படி எழுதினேன். கிளின்ரன் என்று ஒரு பொடியன் கீழே கேட்டான்: "அக்கா, நீங்கள் அழாத செத்தவீடு லண்டனில ஒண்டாவது மிச்சம் இருக்கோ?" நான் முந்தி எழுதியதையெல்லாம் தேடி எடுத்து வரிசையாய்ப் போட்டும் காட்டினான். அதற்கு எத்தனை பேர் சிரித்தார்கள் தெரியுமோ? என் வாழ்நாளில் எனக்கு அவ்வளவு பேர் இதயம் போட்டதில்லை. அன்றோடு அந்தப் பக்கத்திலிருந்து என் பெயரை எடுத்துவிட்டேன். கட்டிலில் கிடந்து அழுதேன். அந்தச் சிரிப்புக்கு அல்ல பிள்ளை, உமக்கும் இது ஒரு நாள் தெரியவரும் என்று நினைத்துத்தான்.

அதற்குப் பிறகு ஒரு பைத்தியக்கார யோசனை வந்தது. பொய்யாய் இவ்வளவு எழுதினேன், உண்மையாய் ஒன்றாவது எழுதிக் கொடுப்போம் என்று பஸ் எடுத்துத் தோர்ண்டன் ஹீத் போனேன். அறிவித்தலில் போட்டிருந்த அப்பாவின் தெரு, அதன் முனையில் ஒரு தமிழ்க்கடை. முதலாளி துஷாந்தன். கல்வெட்டில் இருந்த படத்தைக் காட்டினேன்.

"எங்கடை ராஜேந்திரன் அண்ணையோ? இதென்ன, அவருக்கு ஆர் கோட்டுப் போட்டது?" என்று அவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார். "பக்கத்துப் பெற்றோல் செற்றில வேலை செய்தவர். அந்தப் பச்சை ஜக்கெற்றைத் தவிர வேறை ஒண்டும் போட்டு நான் காணேல்லை. கலியாண வீட்டுக்கும் அதோடைதான் வருவார்."

"ரெயினில போறவரோ?"

"எதுக்கு? றோட்டைக் கடந்தால் வேலை. அதுவும் தோர்ண்டன் ஹீத்தில ஸ்ரேசன் இருக்க, நோர்பரிக்கு ஏன் போவார்?"

வீட்டுக்கு வந்து படத்தை வடிவாய்ப் பார்த்தேன். முகம் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது, கோட்டு நேரே நிற்கிறது. கொம்பியூட்டரில் ஒட்டிய கோட்டு. எங்கள் சனம் செத்தவர்களுக்கு எல்லாம் கோட்டுப் போட்டு அனுப்புவது எனக்குத் தெரியாததோ? என் மனுசனுக்கும் நான்தானே போட்டேன்! பிறகும் மறந்துபோனேன்.

துஷாந்தன் சொன்ன இன்னொன்றையும் கேளும். மாதத்தில் ஒரு நாள் அப்பா கடைக்கு வந்து உமது கடிதத்தைப் பிரித்து வாசிப்பாராம். சத்தமாய்த்தான். "ஆர் நிண்டாலும் சரி அக்கா, வாசிச்சு முடியுமட்டும் என்னைப் பில் போட விடமாட்டார். 'பொறு, என்ர மகள் எழுதினது' எண்டுவார். கியூவில நிண்ட வெள்ளைக்காரரும் கேட்டுக்கொண்டு நிண்டிருக்கினம். ஒரு நாள் அந்தப் பிள்ளைக்குப் பரீட்சை பாஸ் எண்டு முழுக் கடைக்கும் ரொபி குடுத்தவர்." இது பொய்யில்லை. நீர் போய்க் கேட்கலாம்.

இனி நீர் எழுதமாட்டீர். நான் கேட்கவும் மாட்டேன். ஒன்றுதான் விளங்கவில்லை. அப்பா கோட்டே போடாதவர் என்றால், முதல் நாளே உமக்கு என் பொய் தெரிந்திருக்கும். பிறகு ஏன் பிள்ளை கோட்டின் நிறம் கேட்டீர்?

நகுலேஸ்வரி


பேர்ண்
9 நவம்பர் 2024

அன்புள்ள அன்ரிக்கு,

சுகமா? முழங்கால் எப்படி? தைலம் முடிந்திருக்கும், இன்னொன்று அனுப்புகிறேன்.

தெரியும் அன்ரி. முதல் நாளே தெரியும். அறிவித்தல் போடுகிறவர் ஆறு கோட்டுகளின் படம் அனுப்பி ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னார். சாம்பல் நிறத்தைத் தெரிவு செய்தது நான். அப்பா பார்த்தால் "என்னை எனக்கே தெரியேல்லை" என்று கத்தியிருப்பார். உங்கள் குறிப்பை வாசித்ததும் நல்ல கோபம் வந்தது. யார் இந்தப் பொய்க்காரி என்று நினைத்தேன்.

அடுத்த நாள் வேலை. தரிப்பிடம் ஒன்றில் சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒருவர் ஏறினார். கண்ணாடியில் அவர் தலை ஆடியது. என்னை அறியாமல் நானும் ஆட்டினேன். அந்த நாள் முழுவதும் அப்பா எனக்குப் பின்னால் எங்கேயோ இருந்து வந்தார். அவர் இறங்கிவிடக் கூடாது என்றுதான் உங்களுக்கு எழுதினேன். நிறம் கேட்டது சோதிக்க இல்லை. நீங்கள் நிறம் சொன்னால் இன்னும் கொஞ்சத் தூரம் வருவார் என்று கேட்டேன். உண்மையைச் சொல்லியிருந்தால் நீங்கள் நிற்பாட்டியிருப்பீர்கள். எனக்கும் லண்டனில் எழுத வேறு ஆள் இல்லை.

கடையில் அப்பா கடிதம் வாசித்த கதையை எத்தனை தரம் வாசித்தேன் என்று கேட்காதீர்கள். நான் சட்டத்துக்குப் பயந்து, "நான் நலம், நீங்கள் நலமா" என்று இழுத்து இழுத்துப் பக்கம் நிரப்பிய கடிதங்கள் அவை. அதை ஒரு கடை முழுவதும் நின்று கேட்டது எனக்குத் தெரியாது. நீங்கள் போய்க் கேட்டிராவிட்டால் சாகும்வரை தெரிந்திராது.

தை மாதம் அப்பாவின் முதல் வருச ஆட்டைத் திவசத்துக்கு வருகிறேன். பதினெட்டாம் திகதி, சனிக்கிழமை காலை. தோர்ண்டன் ஹீத்துக்குப் பிறகு போவோம். முதலில் நோர்பரி ஸ்ரேசனுக்குத்தான் வருவேன். ஆனால் உங்கள் முகம் எனக்குத் தெரியாதே? அந்தப் பக்கத்தில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு ரோசாப்பூத்தானே இருந்தது.

அன்புடன்,
கௌசி


நோர்பரி
6 டிசம்பர் 2024

என் அன்பு மகள் கௌசிக்கு,

நான் நல்ல சுகம், முழங்காலும் சுகம். பயணத்துக்கு முன் நல்லாய்ச் சாப்பிட்டு நித்திரை கொள்ளும். விமானத்தில் தருவதை நம்பாதேயும். நான் புட்டு அவித்துக் கொண்டு வருவேன்.

அடையாளம் கேட்டிருந்தீர். பழைய சாமான் விற்கிற கடை ஒன்றில் ஒரு கோட்டு வாங்கியிருக்கிறேன். சாம்பல் நிறம். ஆம்பிளைக் கோட்டு, கை நீளம், இரண்டு மடிப்பு மடிக்கவேண்டும். ரை கட்டமாட்டேன், அவ்வளவுக்கு எனக்கு விசர் இல்லை.

இந்தக் கிழமை முழுவதும் அதைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். போகிற வழியில் ஸ்ரேசன் வாசலில் கொஞ்ச நேரம் நின்று, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் தலையை ஆட்டிப் பார்க்கிறேன். முதல் நாள் ஒருவரும் கவனிக்கவில்லை. இரண்டாம் நாள் ஒரு பெண்பிள்ளை பயந்து மற்றப் பக்கத்தால் போனாள். நேற்று, பேப்பர் பெட்டிக்குப் பக்கத்தில், கறுப்பினத்து ஐயா ஒருவர் திருப்பித் தலையாட்டினார். இன்றைக்கும் ஆட்டினார். "குளிர்தான், என்ன?" என்று இங்கிலீசில் கேட்டார். "ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

பதினெட்டாம் திகதி காலமையிலேயே வந்து நிற்பேன். வாசலில் சனம் கூட என்று குழம்பவேண்டாம், உமது படம் கல்வெட்டில் இருக்கிறது. எல்லாருக்கும் ஒருக்கால் ஆட்டிவிட்டு, உமக்கு மட்டும் நிற்பாட்டாமல் ஆட்டுகிற ஆள் நான்.

வழி பார்த்திருக்கும்,
அன்ரி